எதிர்வீட்டு மதில்மேல் ஒரு கிண்ணம்

என் மகளை வகுப்பில் எல்லார் முன்னாலும் 'பொய் சொல்லி' என்று சொல்லிவிட்டார்கள். காரணம், ஒரு கிண்ணம் தண்ணீர். அந்தத் தண்ணீர் வற்றியிருக்க வேண்டுமாம், வற்றவில்லையாம். தண்ணீர் செய்த குற்றத்துக்குப் பிள்ளைக்குத் தண்டனை. இதை நினைத்தால் இப்போதும் என் கையில் இருக்கிற இஸ்திரிப் பெட்டி அடுத்தவன் சட்டைமேல் கொஞ்சம் அதிகமாகவே அழுந்துகிறது.

நான் யார் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவனெல்லாம் பாடம் பேச வந்துவிட்டானா என்று பிற்பாடு கேட்கக் கூடாது. பிள்ளையார்பாளையத்தில், தறிச் சத்தம் ஓயாத ஒரு தெருவின் முனையில், புங்கமரத்தடியில் இஸ்திரி வண்டி போட்டிருக்கிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டதா, நான் அதை விட்டேனா என்கிற வழக்கு எங்கள் வீட்டில் இன்னும் முடியவில்லை. தேய்த்த துணியைச் சுற்றிக் கொடுக்கிற பழைய பேப்பரில்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகினேன். அதனால் நாட்டு நடப்பு எல்லாம் எனக்குத் தெரியும், கொஞ்சம் தாமதமாக. பாதிச் செய்தி யாராவது வேட்டிக்கு அடியில் போய்விடும். திருடன் ஓடினான் என்பது வரை தெரியும், பிடிபட்டானா என்பது வாடிக்கைக்காரர் வீட்டில் இருக்கும்.

போன பங்குனியில், வெயில் ஏறத் தொடங்கிய நேரம். ஐந்தாம் வகுப்பு படிக்கிற என் மகள் பள்ளிவிட்டு வந்து, பையைக்கூடக் கழற்றாமல் வண்டிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"ப்பா, ஆவியாதல்னா இன்னா, தெரியுமா?"

"ஏன் தெரியாது? காலங்காத்தால காப்பி வர்றதுக்கு முன்ன உங்கம்மாவ யாராவது பேசவெச்சா ஆவும் பாரு, அதான்."

வீட்டுக்குள் ஒரு கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. விழுந்ததா, விழவைக்கப்பட்டதா என்று போய்ப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை.

"அய்யோ, இல்லப்பா. தண்ணி சூட்டுல கண்ணுக்குத் தெரியாம மேல போயிடும். நீ துணி மேல தண்ணி தெளிச்சி பொட்டிய வெக்கிறியே, புஸ்ஸுனு வந்துட்டு, அப்பால துணி காய்ஞ்சி போவுதே. அதான் ஆவியாதல்."

எனக்குக் கை நின்றுவிட்டது. கல்யாணத்துக்கு முன்னாலிருந்து இந்த வேலையைச் செய்கிறேன். இதற்கு இப்படி ஒரு கௌரவமான பெயர் இருப்பதை ஒருத்தரும் எனக்குச் சொல்லவில்லை.

"அப்போ நா விஞ்ஞானியாமா?"

"இல்லப்பா. நீ இஸ்திரி. ஏன் ஆவுதுனு கேட்டாத்தான் விஞ்ஞானி."

ஏன் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. துணி காய்ந்தால் சரி என்று இருந்துவிட்டேன்.

பள்ளியில் வீட்டுப்பாடமாக ஒரு சோதனை கொடுத்திருந்தார்கள். ஒரே மாதிரி இரண்டு கிண்ணம். இரண்டிலும் ஒரே அளவு தண்ணீர். ஒன்று வெயிலில், ஒன்று நிழலில். தினமும் பார்த்து எது குறைகிறது, எது குறையவில்லை என்று எழுதிக்கொண்டு வரவேண்டும். இதைவிட எளிய பாடம் உண்டா? என்னைப் படிக்கவைத்த காலத்தில் இப்படிக் கொடுத்திருந்தால் நான்கூட நாலாம் வகுப்பு போயிருப்பேன்.

இரண்டு எவர்சில்வர் கிண்ணங்களை எடுத்தாள். அவள் அம்மாவின் நெயில் பாலிஷால் இரண்டிலும் உள்பக்கம், அடியை ஒட்டி ஒரே உயரத்தில் சிவப்புக் கோடு போட்டாள். கோடு வரைக்கும் தண்ணீர் ஊற்றினாள். நிழல் கிண்ணத்தை என் வண்டியின் கீழ்த்தட்டில் வைத்தாள். வெயில் கிண்ணத்துக்குத்தான் இடம் தேடவேண்டியிருந்தது. எங்கள் வீட்டுப் பக்கம் மரநிழல். எதிர்வீட்டு மதில்தான் காலையிலிருந்து சாயங்காலம்வரை வறுபடும். வடகம் போட்டால் மத்தியானமே எடுத்துவிடலாம். அந்த மதில்மேல் கொண்டுபோய் வைத்தாள். நான் வேலை செய்யும்போது அந்த மதிலுக்கு முதுகைக் காட்டி நிற்பேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

மறுநாள் பள்ளிவிட்டு வந்ததும் ஓடிப்போய் எட்டிப் பார்த்தாள்.

"ப்பா, வெயில்ல வெச்சது கொறையவே இல்ல."

"ஒரு நாள்ல இன்னா கொறையும்? வுடு."

"நிழல்ல வெச்சது கொறைஞ்சிருக்குதே."

அதற்கடுத்த நாள், "ப்பா, இது கோட்டுக்கு மேல இருக்குது," என்றாள்.

"கீழனு சொல்லு."

"மேலப்பா. வந்து பாரு."

போய்ப் பார்த்தேன். சிவப்புக் கோடு தண்ணீருக்குள் முங்கிக் கிடந்தது. தலைக்கு மேலே வெயில் கொளுத்துகிறது, மதில் செங்கல்லில் கை வைத்தால் தோல் ஒட்டுகிறது, நடுவில் இந்தக் கிண்ணம் மட்டும் ஐப்பசி மாதத்தில் இருக்கிறது.

"மழ பேஞ்சிருக்குமோ?"

"உன் தலைல இருந்து சட்டைக்குத்தான்ப்பா பேஞ்சிக்கினு இருக்குது."

பார்த்ததைப் பார்த்தபடியே அவள் நோட்டில் எழுதினாள். வெயில்: குறையவில்லை. நிழல்: குறைந்தது. அடுத்த நாள் வெயில்: கூடியது. அந்த வாரம் முழுக்க அப்படியே. நான் தாடையைத் தேய்த்துக்கொண்டு, "பாத்ததத்தான எழுதின? அப்புறம் இன்னா," என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனேன். தகப்பனாகப் பேசியதாக நினைத்துக்கொண்டேன். உண்மையில் எனக்கு ஒரு கட்டு யூனிஃபார்ம் பாக்கி இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் வந்த நடையே சரியில்லை. வண்டிப் பக்கம் வரவில்லை. கிண்ணத்தை எட்டிப் பார்க்கவில்லை. வீட்டு வாசற்படியில் ஷூவோடு உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் ஒரு பஜ்ஜியில் சரிபண்ணியிருப்பேன்.

மெல்ல மெல்லத்தான் வெளியே வந்தது. வகுப்பில் டீச்சர் முடிவைக் கரும்பலகையில் முன்கூட்டியே எழுதிவைத்திருக்கிறார். வெயிலில் வைத்த நீர் விரைவில் ஆவியாகும், நிழலில் வைத்த நீர் மெதுவாக ஆவியாகும். எல்லாப் பிள்ளைகள் நோட்டிலும் அதேதான். இவளுடைய நோட்டில் மட்டும் தலைகீழ்.

"'வெச்சிப் பாக்காமலேயே எழுதிட்டு வந்திருக்கே'னு சொன்னாங்கப்பா. 'வெச்சிப் பாத்தேன் மிஸ்'னு சொன்னேன். 'சூரியனே தப்பா, நீ ஒருத்தி தான் ரைட்டா? பொய் சொல்லி'ன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க."

"அப்பால?"

"திங்கக்கெழம போர்டுல இருக்கிறத எழுதிக்கினு வரணுமாம். இல்லனா நோட்ல சைன் போட மாட்டாங்களாம்."

இங்கே நான் கோபப்பட்டு எழுந்தேன் என்று எழுத ஆசைதான். எழவில்லை. வாய் என்ன சொன்னது என்றால், "எழுதிட்டுப் போயேன்மா. போர்டுல இருக்கிறதப் பாத்து எழுதறதுக்கு கையா வலிக்கப் போவுது? எல்லாரும் எழுதலியா?"

அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"நா பாக்காதத பாத்தேன்னு எழுதணுமா?"

"அதுக்கில்லமா..."

"அப்போ நீயும் நா பொய் சொன்னேன்னு தான் நெனைக்கிற."

ஷூவைக் கழற்றி மூலையில் வைத்தாள். இரண்டையும் ஜோடியாக, சத்தமில்லாமல். வீசியிருந்தால் பரவாயில்லை.

எனக்கு அப்போதுதான் சூடு ஏறியது. முதலில் என்மேல், உடனே அதை நைசாக டீச்சர்மேல் மாற்றிக்கொண்டேன். ஊரில் என்மேல் நிறையப் பழி உண்டு. பட்டன் காணோம் என்பார்கள், காலர் கருகிவிட்டது என்பார்கள், நேற்றே தருகிறேன் என்றாயே என்பார்கள். எல்லாவற்றிலும் பாதிக்கு மேல் உண்மை இருக்கும். ஆனால் இந்தப் பெண்ணா பொய் சொல்லி? இவள் உண்மை பேசுவதால் இந்த வீட்டில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். "அப்பா கடைல ரெண்டு போண்டா சாப்ட்டாரு, என்கிட்ட சொல்லாதன்னாரு" என்று ஒரு எழுத்து விடாமல் அவள் அம்மாவிடம் ஒப்பிப்பவள். இவள் பொய் சொல்ல மாட்டேன் என்கிறாளே என்று ஏங்கியவன் நான். இவளைப் போய்!

என் மனைவி சோற்றைப் போட்டபடி ஒரே வரியில் முடித்தாள். "துணி மேல காட்ற சூட்ட மனுசங்க மேல காட்டு. நாளைக்கு லீவு தான? கிண்ணத்தாண்ட ஒக்காந்து பாரு, தண்ணி எங்கருந்து வருதுனு."

சனிக்கிழமை. வண்டியை வழக்கத்துக்கு மாறாக மதிலைப் பார்த்துத் திருப்பிப் போட்டேன். மகள் கிண்ணத்தைத் துடைத்துக் கோடு வரைக்கும் புதுத் தண்ணீர் ஊற்றி மதில்மேல் வைத்தாள். இரண்டு பேரும் காவலுக்கு உட்கார்ந்தோம்.

தண்ணீர் வற்றுவதைப் பார்த்துக்கொண்டு உட்காருவது போல ஒரு சோம்பேறி வேலை உலகத்தில் இல்லை. எனக்கென்றே செய்தது. ஆனால் தெருவில் போகிறவர்கள் விடவேண்டுமே. தறி வேலைக்குப் போகிற ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டார்.

"இன்னாபா, கிண்ணத்த காவல் காத்துக்கினு கீற? உள்ள மீன் வுட்டுக்கிறியா?"

"இல்லபா. சூரியன் மேல கேஸ் இருக்குது. சாட்சி தேடிக்கினு இருக்கேன்."

"என் வேட்டிய தேச்சிட்டு தேடு. நாளைக்கு கல்யாணம்."

அவர் போனதும் ஒரு காகம் வந்தது. மதில்மேல் இறங்கி, அலகைத் திறந்தபடி இரண்டு நடை நடந்து, கிண்ணத்தின் விளிம்பில் தலையைச் சாய்த்தது. நான் துள்ளி எழுந்து, கையிலிருந்த யாருடைய துண்டையோ வீசி, "ஏய்! ச்சூ!" என்று கத்தினேன். காகம் பறந்து போய் எதிர்வீட்டு டிஷ் ஆண்டெனாமேல் உட்கார்ந்து என்னைத் திட்டியது. அது திட்டியதில் நியாயம் இருந்தது. பங்குனி வெயிலில் ஒரு வாய்த் தண்ணீருக்கு வந்ததை விரட்டுகிறேன், எதற்கு? புத்தகத்தில் ஒரு வரியைக் காப்பாற்ற.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அந்த வீட்டு அக்கா வெளியே வந்தார். வீட்டில் இரண்டு தறி ஓடுகிறது. தறியில் குறுக்கே ஓடுகிற ஊடைப் பட்டு நூலைத் தார் என்கிற சின்னக் குழலில் சுற்றிக் கொடுப்பது அவர் வேலை. காலையிலிருந்து ராட்டையைவிட்டு எழ நேரம் இருக்காது. ஆனால் தெருவில் நடப்பது அத்தனையும் அவருக்குத் தெரியும். சமாதானமாக இருக்கும்போது தமிழ் பேசுவார், கோபம் வந்தால் தெலுங்குக்குப் போய்விடுவார். அப்போது தமிழில்தான் இருந்தார். ஒரு கை இடுப்பில், ஒரு கையில் பித்தளைச் சொம்பு.

"ஏம்பா, அறிவு இருக்குதா உனுக்கு? வாயில்லா ஜீவன வெரட்டிக்கினு இருக்கிற?"

"யக்கா, அது பாடம்க்கா. காக்கா குடிச்சிட்டா அளவு தப்பாயிடும்."

"அளவாமே அளவு! உங்கப்பனே தாகத்துல வந்திருந்தா இன்னா பண்ணுவ?"

"எங்கப்பன் தண்ணி கேட்டு நா பாத்ததே இல்லக்கா. அவரு கேட்டது வேற. அது இந்த மதில்ல கெடைக்காது."

"போடா! பேச்சப் பாரு," என்று சொல்லிக்கொண்டே மதிலருகே வந்து, இயல்பாக, ராட்டையைச் சுற்றுகிற மாதிரியே, சொம்பைக் கிண்ணத்தின்மேல் சாய்த்தார்.

"அத்த! ஊத்தாதீங்க!" என்று என் மகள் அலறினாள்.

"இன்னாடி ஊத்தாத? தெனம் நாந்தான ஊத்தறேன்."

 மகள் மதிலை நோக்கி ஒரு அடி வைத்தாள். குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது.

"தெனமுமா அத்த?"

"பின்ன? நீ பாட்டுக்கு ஸ்கூலுக்குப் பூடற. வெயில்ல எத்தினி நேரம் நிக்கும் அது? மத்தியானம் ஒரு வாட்டி, நீ வர்றதுக்கு முன்ன ஒரு வாட்டி ஊத்திடுவேன். பச்சப் புள்ள நல்ல மனசோட காக்காவுக்கு தண்ணி வெச்சிருக்குது, அந்தப் புண்ணியம் காஞ்சி போவலாமா?"

எங்கள் பக்கம் இது சட்டம் மாதிரி. வெயில் காலத்தில் சுவர்மேல் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். யார் வைத்தார்கள் என்று கேட்கிற வழக்கமில்லை. குறைந்திருந்தால் போகிறவர் ஊற்றிவிட்டுப் போவார். நானே எத்தனையோ தடவை துணி கொடுக்கப் போகிற இடத்தில் அடுத்தவர் சுவர்மேல் வைத்த மண் ஓட்டில் என் பாட்டிலைக் கவிழ்த்திருக்கிறேன். ஊற்றிவிட்டு மறந்தும் போயிருக்கிறேன். புத்தகம் எழுதினவர் சூரியனைக் கணக்கில் எடுத்தார், நிழலை எடுத்தார். எதிர்வீட்டு அக்காவை எடுக்க விட்டுவிட்டார். பிள்ளையார்பாளையத்தில் அவரில்லாமல் எந்தக் கணக்கு சரியாக வரும்?

ஆனால் இந்த ஞானமெல்லாம் பிற்பாடு வந்தது. அந்த நிமிஷத்தில் எனக்கு வந்தது ஆத்திரம் மட்டும்தான். டீச்சருக்கென்று சேர்த்துவைத்திருந்ததை அக்காமேல் கொட்டிவிட்டேன்.

"யக்கா! உன் புண்ணியத்தால என் பொண்ணு க்ளாஸ்ல பொய் சொல்லி ஆயிட்டாக்கா! எவ மதிலு, எவ கிண்ணம்னு ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?"

"எவ மதிலா? என் மதிலுடா இது! தண்ணி ஊத்தனவள திட்டறவன இந்த ஊர்ல இன்னிக்குத்தான் பாக்கறேன்!" அதற்குமேல் தெலுங்கு. எனக்குப் புரியவில்லை, ஆனால் என் பரம்பரை முழுக்க அதில் இருந்தது என்று தெரிந்தது.

மகள்தான் நடுவில் புகுந்தாள். அவள் முகத்தைப் பார்த்தேன். ஒரு வாரத்துக்குப் பிறகு விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. "ப்பா, கத்தாத. அத்த, கத்தாதீங்க. நா பொய் சொல்லல. கொறையல தான். அத்த ஊத்தனதால கொறையல. ஏன்னு கண்டுபுடிச்சாச்சி!" என்று மரத்தைச் சுற்றி ஓடினாள். பிறகு நின்று, அக்காவிடம் வகுப்பில் நடந்ததை முதலிலிருந்து சொன்னாள்.

அக்காவின் கோபம் என்னை விட்டு இறங்கித் தெருவைத் தாண்டிப் பள்ளிக்கூடத்தின் பக்கம் போவதைக் கண்ணால் பார்த்தேன்.

"பொய் சொல்லியா? இந்தப் புள்ளயையா? யாரு சொன்னது? வா, போலாம்."

"இன்னிக்கு சனிக்கெழமக்கா."

"திங்கக்கெழம வராமலா பூடும்?"

வந்தது. நான் முகம் கழுவி, இருப்பதில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டேன். இஸ்திரிக்காரன் சட்டை எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள். வைத்தியர் வீட்டுக்காரர்களுக்குத்தான் மருந்து கிடைக்காது. அக்கா பட்டுநூல் தூசியைத் தட்டி, நல்ல புடவை உடுத்திக்கொண்டு, கையில் அந்தச் சொம்போடு வந்தார்.

"சொம்பு எதுக்குக்கா?"

"சாட்சிக்கு."

சாப்பாட்டு வேளை முடிகிற நேரத்தில், மகளையும் கூட்டிக்கொண்டு போனபோது டீச்சர் ஆசிரியர் அறையில் இருந்தார். கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு வகுப்புக்கு ஒருவராக நின்று கத்துகிறவர், தொண்டை எப்போதும் கரகரவென்றிருக்கும். அவர் கட்டியிருந்த காட்டன் புடவையின் மடிப்பு என் கை மடிப்பு. கஞ்சி போட்டுக் கொடுப்பார், கத்தி மாதிரி நிற்கவைத்துத் தருவேன். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"என்னப்பா, மத்த புடவையெல்லாம் ரெடியாயிடுச்சா?"

"பொடவ ரெடிங்க மிஸ். என் பொண்ணு விசயமா வந்தேன்."

நான் வரிசையாகச் சொல்ல ஒத்திகை பார்த்திருந்தேன். ஆனால் அக்கா சொம்பை மேஜைமேல் டங்கென்று வைத்து, "நாந்தான் ஊத்தனேன்!" என்று கொலைக் கேஸில் ஒப்புக்கொள்கிற மாதிரி ஆரம்பித்துவிட்டார். மிச்சத்தை மகள் சொன்னாள். கேட்டு முடித்ததும் டீச்சர் சிரித்தார்.

"இவ்ளோதானா விஷயம்! சரி, விடுங்க. வெயில்ல வத்தும்னுதான் எல்லாருக்கும் தெரியுமே. அதை எழுதிட்டு வரச் சொல்லுங்க, சைன் போட்டுடறேன்."

"பொய் சொல்லினு சொன்னீங்களே மிஸ்."

"அது ஒரு பேச்சுக்குச் சொல்றதுதாம்ப்பா. மனசுல வெச்சிக்காதீங்க."

பேச்சுக்காம்! ஒரு புடவை ஓரத்தில் நூலளவு கருகினால், பேச்சுக்குக் கருகியது என்று நான் சொல்ல முடியுமா? "என் மனசுல ஒண்ணும் இல்லீங்க மிஸ். எனக்கு அது பழக்கம். அவளாண்ட சொல்லுங்க," என்றேன். சத்தமாகச் சொல்ல நினைத்தேன், பள்ளிக்கூடக் கட்டடத்துக்குள் வந்தாலே என் குரல் மூன்றாம் வகுப்புக்குப் போய்விடுகிறது.

டீச்சர் மகள் பக்கம் திரும்பி, "சரிம்மா, நீ பொய் சொல்லல. போதுமா?" என்றார்.

என் மகள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "க்ளாஸ்ல சொன்னீங்க மிஸ்."

 இன்னொரு டீச்சர் திருத்திக்கொண்டிருந்த நோட்டிலிருந்து தலையைத் தூக்கினார். எனக்குக் காது சுட்டது. போதும் வா என்று அவள் கையைப் பிடிக்கப் போனேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டார்.

டீச்சர் சாக்பீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்து வகுப்புக்கு நடந்தார். மகள் பின்னாலேயே போனாள். நாங்கள் இருவரும் வராந்தா ஜன்னலோரம் நின்றோம். கரும்பலகையில் அந்த இரண்டு வரியும் அப்படியே இருந்தது.

"எல்லாரும் கவனிங்க," என்றார் டீச்சர். "இவ பொய் சொல்லல. பார்த்ததைத்தான் எழுதியிருக்கா. எதிர்வீட்டு அம்மா காக்காவுக்குன்னு நெனச்சி கிண்ணத்துல தண்ணி ஊத்திக்கிட்டே இருந்திருக்காங்க, அதான் குறையல. சரி, மத்தவங்க போர்டுல இருக்கிற மாதிரியே..."

கடைசி பெஞ்சில் ஒரு கை எழுந்தது. "மிஸ், எங்க வீட்லயும் கொறையல."

"அப்புறம் ஏன்டா குறைஞ்சிதுன்னு எழுதின?"

"போர்டுல இருந்திச்சி மிஸ்."

"எங்க கிண்ணத்த ஆடு குடிச்சிடிச்சி மிஸ்," என்றது ஒரு பெண்.

"எங்கம்மா அத கழுவி கவுத்திட்டாங்க மிஸ்."

"மிஸ், இவன் வெக்கவே இல்ல மிஸ்!"

"நீ மட்டும் வெச்சியாடா?"

ஒரு வகுப்பு முழுக்க உண்மை ஒரே சமயத்தில் வெளியே வந்தால் என்ன சத்தம் வரும் என்று அன்றைக்குத்தான் கேட்டேன். பட்டாசுக் கடையில் தீப்பிடித்த மாதிரி. எல்லார் நோட்டிலும் சரியான விடை, எல்லார் நோட்டிலும் கையெழுத்து. தன் கண்ணால் பார்த்ததை எழுதிய ஒரே ஒரு பிள்ளைக்குப் பொய் சொல்லிப் பட்டம். ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த என் கை வலித்தது. உள்ளே போய் நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று காலை எடுத்தேன்.

அதற்குள் டீச்சர் டஸ்டரை எடுத்தார். கரும்பலகையிலிருந்த இரண்டு வரியையும் மெதுவாக அழித்தார்.  "சரி," என்றார், பிள்ளைகள் பக்கம் திரும்பாமலே. "யார் வீட்ல என்ன ஆச்சோ அதையே எழுதுங்க. ஆடு குடிச்சிருந்தா ஆடு குடிச்சிதுன்னு எழுதுங்க."

என் மகள் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். பக்கத்துப் பெண் ஏதோ கேட்க, இவள் கையைச் சொம்பு மாதிரி சாய்த்துக் காட்டினாள்.

திரும்பி வரும்போது நான் பொருமிக்கொண்டே வந்தேன். "தப்புனு ஒரு வார்த்த சொன்னாங்களாக்கா? 'பொய் சொல்லல'னு சொன்னா ஆச்சா? 'நா சொன்னது தப்பு'னு சொல்ல வேணாமா?"

"போர்ட அழிச்சாங்க இல்ல, வுடு."

"அதெப்படி வுடறது? போர்டு எனக்கு சொந்தமா?"

"உனுக்கு எதான் சொந்தம்? பொலம்பாத வா. தறிக்கு தார் இல்லாம எங்கூட்டுக்காரு கத்திக்கினு இருப்பாரு."

தெருமுனைக்கு வந்ததும் இரண்டு பேரும் நின்றுவிட்டோம். மதில்மேல் கிண்ணம் காலியாக இருந்தது. காலையில் மகள் இரண்டு கிண்ணத்திலும் புதிதாகக் கோடுவரைக்கும் ஊற்றிவிட்டுப் போயிருந்தாள். ஊற்ற வேண்டியவர் என்னோடு பள்ளிக்கூடத்தில் சாட்சி சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், பங்குனி வெயில் தன் வேலையை ஒரு குறையும் இல்லாமல் முடித்திருந்தது. அடியில் ஒரு வெள்ளைத் திட்டு மட்டும். குனிந்து வண்டியின் கீழ்த்தட்டைப் பார்த்தேன். நிழல் கிண்ணத்தில் கொஞ்சம்தான் குறைந்திருந்தது. புத்தகத்தில் எழுதியிருந்தபடியே, எழுத்துப் பிசகாமல்!

எனக்கு ஏற்பட்ட கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஒரு வாரம் இந்தக் கிண்ணத்துக்காக மானம் போய், காக்காவிடம் சாபம் வாங்கி, பள்ளிக்கூடப் படி ஏறி இறங்கி வந்தால், யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து வற்றுகிறது!

"யக்கா, நில்லு, ஊத்தாத! புள்ள வந்து பாக்கட்டும்!"

"புள்ள வர்றதுக்குள்ள காக்கா செத்துடும்," என்று சொல்லி, உள்ளே போய்ச் சொம்பை நிரப்பிக்கொண்டு வந்து, கோட்டுக்கு மேலேயே ஊற்றிவிட்டார். ஆண்டெனாவில் காத்திருந்த காகம் உடனே இறங்கியது. என்னை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை.

சாயங்காலம் மகள் துள்ளிக்கொண்டு வந்தாள். நோட்டில் கையெழுத்து வாங்கியாகிவிட்டது. எதிர்வீட்டு அத்தை தண்ணீர் ஊற்றியதால் குறையவில்லை என்று எழுதியதற்குக் கீழேயே சிவப்பு மையில். நான் விஷயத்தை அடக்க முடியாமல் பெட்டியைக் கீழே வைத்தேன்.

"இன்னிக்கு வத்திடிச்சிமா! நீ ஊத்தனது மொத்தமும்! நிழல்ல வெச்சது அப்படியே கீது! அதயும் எழுதிடு."

அவள் மதிலைப் பார்த்தாள். கிண்ணம் ததும்பிக்கொண்டிருந்தது. திரும்பி என்னைப் பார்த்தாள்.

"நா பாக்கலியேப்பா."

"நா பாத்தேன்மா!"

"வேற யாரு பாத்தாங்க?"

"எதிர்வீட்டு அத்த பாத்தாங்க. காக்கா பாத்திச்சி."

"நா பாக்கல. எழுத மாட்டேன்," என்று சொல்லிவிட்டு நோட்டை மூடிப் பைக்குள் வைத்தாள்.

"அப்போ இன்னா, நா பொய் சொல்றேனா?"

 ஷூவைக் கழற்றிக்கொண்டே, வெள்ளிக்கிழமை 'எழுதிட்டுப் போயேன்மா' என்று சொல்லிவிட்டு நான் அவளைப் பார்த்தேனே, அதே மாதிரி என்னைப் பார்த்தாள்.